ஆறாம் நம்பர் ஜெர்சி

செந்துறைப் பள்ளி மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தின் வீடியோவை மூன்றாவது முறை ஓடவிட்டபோதுதான் அவளைக் கண்டுகொண்டேன். முகம் தெரியவில்லை. கேமராவைத் தண்ணீர் டேங்க் பக்கம் எங்கோ வைத்திருந்தார்கள். ஆட்கள் விரல் உயரத்துக்குத்தான் இருந்தார்கள். இரண்டாம் பாதியில் ஆறாம் நம்பர் ஜெர்சி ஒன்று, எதிரணிப் பெண்கள் இருவருக்கு நடுவே தோளை முதலில் நுழைத்து, பிறகு உடம்பை நுழைத்து, கடைசியில் பந்தையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. சாயங்காலம் செந்துறை பஸ்ஸில் கூட்டத்துக்குள் அவள் அப்படித்தான் ஏறுவாள். என் வயிற்றுக்குள் ஒரு பழைய இடம் காந்தியது. ஏழு வருஷத்துக்குப் பிறகும் அது இடம் மாறாமல் இருந்தது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வார நாட்களில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் பெரம்பலூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தவறு தேடும் வேலை. சனி ஞாயிறுகளில் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து இருக்கும் எங்கள் பெண்கள் கால்பந்து கிளப்புக்காக வீடியோ பார்க்கிறேன். எந்த நம்பர் பந்தைத் தொட்டது, யாருக்குக் கொடுத்தது, எங்கே விட்டது என்று ஒவ்வொன்றையும் குறிப்பேன். பார்வையாளருக்கு ஆட்டம், எனக்கு அது வரிசை வரிசையான பதிவு.

எங்கள் லீக்கில் ஆட்டக்காரிகளை ஏலத்தில் எடுப்பதில்லை. எட்டு கிளப்புகளும் முறை வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒருத்தியைச் சொல்ல வேண்டும். மொத்தம் பத்துச் சுற்று; சுற்றுக்குச் சுற்று வரிசை தலைகீழாகும். முதல் மூன்று சுற்றில் போகிறவர்கள் யார் என்று டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். எங்களைப் போன்ற சின்ன கிளப்புக்குப் பிழைப்பே கடைசிச் சுற்றுகளில்தான். மற்றவர்கள் பார்த்தும் பார்க்காமல் போன ஒருத்தியைப் பிடித்துவிட்டால் அந்த வருஷம் தப்பித்துவிடலாம். மாவட்டத்து ஆட்டங்களின் வீடியோக்களும், ஆட்டத்துக்கு முன்பு கொடுக்கும் பெயர்ப் பட்டியல்களும் எல்லா கிளப்புக்கும் பொதுவாகவே வரும். எட்டு கிளப்பிலும் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்து அதே வீடியோவைத்தான் பார்க்கிறார்.

அவர்கள் எல்லோருடைய கணக்கிலும் அரியலூர் டவுன் அணியின் ஆறாம் நம்பர் சுமாரான ஆட்டக்காரியாகத்தான் வந்திருப்பாள். முதல் பாதியில் பந்தை வாங்கினால் பின்னால் கொடுப்பாள், நெருக்கினால் விட்டுவிடுவாள். இரண்டாம் பாதியில் இடது காலால் மைதானத்தையே திறந்துவிடுவாள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடுவில் எங்கோ நிற்கும். நிலையில்லாதவள் என்று எழுதி மூடிவிட்டு அடுத்த நம்பருக்குப் போயிருப்பார்கள். கணக்கில் தவறில்லை. ஆறாம் நம்பர் ஒருத்தி இல்லை, இருவர்; அதுதான் விஷயம்.

எங்கள் பக்கத்து உள்ளூர் டோர்னமெண்ட்டுகளில் ஜெர்சி செட் என்றால் பதினொன்று. சிமெண்ட் டீலரோ நகைக்கடைக்காரரோ தன் கடைப் பெயரைப் போட்டு எடுத்துக் கொடுப்பார். கோல்கீப்பருக்கு ஒன்று, மற்றவர்களுக்குப் பத்து, அவ்வளவுதான். வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஜெர்சி எதற்கு என்பது அவர்கள் நியாயம். அதனால் ஆளை மாற்றும்போது, வெளியே வருபவள் கோட்டருகில் ஜெர்சியைக் கழற்றி உள்ளே போகிறவளிடம் கொடுப்பாள். எல்லோரும் உள்ளே டீ-சர்ட் போட்டிருப்போம். அவள் அந்த ஈரத்தை அப்படியே தலைவழியே மாட்டிக்கொண்டு ஓடுவாள். ரெஃப்ரிகளும் கண்டுகொள்ள மாட்டார்கள். டேங்க் பக்கத்துக் கேமராவுக்கு ஒரே நம்பர் ஒரு ஆட்டம் முழுக்க ஆடியதாகத் தெரியும். பட்டியலிலும் முதலில் இறங்கியவள் பெயர்தான் இருக்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஏழு வருஷத்துக்கு முன்பு அந்த ஆறாம் நம்பர் ஜெர்சியை அவளிடம் கழற்றிக் கொடுத்தவளே நான்தான்.

அப்போது எங்கள் வீடு அரியலூரில், மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. பயிற்சிக்கு எப்போதும் முதல் ஆளாகப் போவேன். உயரம் இருந்தது, மூச்சு இருந்தது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரியும். அவளுக்கு செந்துறைப் பக்கம் ஊர். பஸ் வந்தால்தான் அவள் வருவாள். எங்கள் கோச் மேடத்திடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. தாமதமாக வந்தவள் உட்கார வேண்டும். அதனால் முதல் பாதி எனக்கு, இரண்டாம் பாதி அவளுக்கு. ஒருவரை ஒருவர் 'ஆறு' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகமே இல்லை.

கோட்டருகில் டீ-சர்ட்டோடு உட்கார்ந்து என் நம்பர் கோல் போடுவதைப் பார்ப்பேன். அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. நம் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வேறொருத்தி நுழைந்து, நமக்குத் தெரியாத அறைகளை எல்லாம் திறந்து காட்டுவது மாதிரி. ஒருமுறை உள்ளூர்ப் பேப்பரில் ஆறாம் எண் வீராங்கனை அடித்த கோல் என்று போட்டு, பட்டியலில் இருந்த என் பெயரை அச்சடித்துவிட்டார்கள். நான் தலைகுனிந்து நின்றேன். அவளே பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒம் பேரு எழுத்துல எம்புட்டு அழகா இருக்கு பாரேன்டி" என்றாள். அவளுக்குக் கொஞ்சம் எரிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எரியவில்லை. அதுதான் என்னை அதிகமாக எரித்தது.

அந்த நாட்களில் எனக்கென்று ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். முதல் பாதியில் எதிரணிக் கால்கள் புதிதாக இருக்கும். இரண்டாம் பாதியில் ஓடி ஓடிக் களைத்திருக்கும். களைத்த கால்களுக்கு எதிராக யாரும் நன்றாக ஆடலாம். நான் இரண்டாம் பாதியில் இறங்கினால் நானும் ஆடுவேன். அவள் முதல் பாதியில் இறங்கினால் அவளும் என்னைப் போலத்தான் திணறுவாள். இதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லாததால் இந்த விளக்கம் பத்திரமாக இருந்தது. செந்துறை பஸ் ஒருநாளும் சீக்கிரம் வரவில்லை.

படிப்பு முடிகிற சமயத்தில் நானும் லீக் தேர்வுக்கு இரண்டு முறை பதிவு செய்திருந்தேன். என் பெயரில் போன வீடியோவில் அவளுடைய கோல்களும் சேர்ந்தே போயின. அப்படியும் என்னை யாரும் எடுக்கவில்லை. அவளுடைய இரண்டாம் பாதி என்னை மேலே தூக்கியது, என் முதல் பாதி அவளைக் கீழே இழுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு இருவருமே தேறவில்லை. நான் விட்டுவிட்டேன். அவள் விடவில்லை என்பது இந்த வீடியோவைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது.

இந்த வருஷம் பதிவு செய்த பெண்களின் வரிசையில் தேடினேன். வெகு கீழே அவள் பெயர் இருந்தது. பெயருக்கு நேரே வீடியோ இல்லை. செந்துறை ஆட்டத்தின் ஆறாம் நம்பர் வேறொரு பெயரில் இருந்தது. அந்தப் பெயருக்குரியவள் வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூருக்கு வந்து கல்லூரியில் படிக்கும் பெண். என் பழைய முதல் பாதி இப்போது அவளுடையது.

அடுத்த வாரம் அரியலூர் போனேன். செந்துறை ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடைபோடும் மேடை ஒன்றில் அவள் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். ரோட்டோரச் செடிகளெல்லாம் மாவு பூசியது போல நின்றன. ஒரு சின்ன அறை, ஒரு கண்ணாடி ஜன்னல், உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் அவள். மேடை மேல் ஒரு லாரி ஏறி நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் ஜன்னலைத் தள்ளினாள்.

"என்னாடி ஆறு, லாரி வாங்கிட்டியா? எடை போட வந்துருக்க?"

டிரைவர் தலையை வெளியே நீட்டி, யாரு பாப்பா, ஆபீசரா என்று கேட்டார்.

"ஆமாண்ணே. ஓவர்லோடு புடிக்க வந்துருக்காங்க. எறங்கி ஓடிருங்க."

அவர் சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு ஸ்டூலைத் தள்ளிவிட்டாள். உடம்பில் ஒரு பிடி சதை கூடியிருக்கவில்லை. மேசைக்கு அடியில் அவளுடைய பூட்ஸ் பழைய பேப்பர் திணித்து, லேஸ் சுற்றி, சுத்தமாக இருந்தது. என் பூட்ஸ் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். தெரியவில்லை.

பகல் ஷிப்ட் நாலு மணிக்குத்தான் முடியுமாம். ஆட்டங்கள் மூன்றரைக்கு ஆரம்பித்துவிடும். முதலாளி நல்லவர், ஆனால் லாரி வரிசை யாருக்காகவும் நிற்காது. அப்போது பஸ், இப்போது ஷிப்ட். ரெண்டாம் பாதியிலேயே பிழைப்பு ஓடுகிறது என்று சிரித்தாள். செந்துறை வீடியோவைப் பார்த்தேன் என்றேன். எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். அந்த வார்த்தையை வெளியே எடுப்பதற்குள் பல்லில் ஏதோ சிக்கியது போல இருந்தது.

பிறகு அவளே சொன்னாள். அவளுடைய அக்கா ஓசூரில் செல்போன் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். இவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். அங்கேயே விடுதி, மாதச் சம்பளம். ஆனி பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"இந்த வருசம் எவனாச்சும் எடுத்தா ஆடுவேன்டி. இல்லாட்டி பூட்ஸை அந்த வேப்பந்தட்டை புள்ளகிட்ட குடுத்துட்டு பஸ் ஏறிருவேன். அதுக்கு மேல வூட்டுலயும் கேக்க மாட்டாங்க, எனக்கும் கேக்கத் தோணாது."

பார்க்கலாம் என்றேன்.

"பாக்கலாம்னா? டாக்டர் மாதிரி பேசாதடி."

அதற்குள் அடுத்த லாரி மேடை ஏறிவிட்டது. அவள் திரும்பி எண்ணைத் தட்டினாள். நான் கிளம்பினேன்.

பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது என் பொறாமையை வகை பிரித்துப் பார்த்தேன். எதையும் பிரித்து வைத்தால்தான் எனக்கு மூச்சு வரும். அவளுடைய இடது கால் மேல் இருக்கும் பொறாமை பழையது; அடுத்தவருடைய நிறம், உயரம் மேல் இருப்பது போல, அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கும். அவள் இன்னும் ஆடுகிறாள், நான் குறிப்பெடுக்கிறேன் என்பதில் இருந்தது வேறு. அது பஸ் குலுங்கும்போதெல்லாம் குத்தியது. அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவதே இல்லை என்பது இன்னொன்று. நான் வேலையில் இருக்கிறேன், சம்பாதிக்கிறேன், சட்டையில் சுண்ணாம்புத் தூசி இல்லை. ஒரு பார்வையாவது பார்த்திருக்கலாம். மூன்று வகைக்கும் அடியில், சொல்லவே கூசும் ஒன்றும் இருந்தது. இப்போது அவளைக் கண்டுபிடித்தவள் நான். வேறு யாரும் அவளைப் பார்த்துவிடக் கூடாது. அவள் மேல் எரிகிற அதே வயிறு, அவளை யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைக்கவும் ஆசைப்பட்டது.

அரியலூர் அணியை விட்டு வந்த அதே மேடம்தான் இப்போது எங்கள் கிளப்புக்கும், வேப்பந்தட்டைப் பெண் படிக்கும் கல்லூரிக்கும் கோச். விஷயத்தைச் சொன்னதும், அவளா, இன்னும் ஆடுகிறாளா என்று கேட்டார்கள். கேட்டபோது அவர்கள் குரல் ஒரு படி இறங்கியது. எனக்கு அந்தக் குரல் ஒருநாளும் கிடைத்ததில்லை. வீடியோவை இரண்டு பாதியாக வெட்டிப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, களைத்தவர்களிடம் ஆடுவது சுலபம்தானே, முதல் நிமிஷத்திலிருந்து ஆடினால் எப்படி இருப்பாள் என்று நமக்குத் தெரியாதே என்றார்கள். என் பழைய விளக்கம் அவர்கள் வாயிலிருந்து வந்தது. நானும் தலையாட்டினேன். அவள் பெயருக்கு நேரே வீடியோ இல்லை, யாருக்கும் அவளைத் தெரியாது, அதனால் கடைசிச் சுற்றில் எடுத்தால் போதும் என்று முடிவானது. முன் சுற்றுகளை மற்ற இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த வேலை தெரிந்த எவரும் அதையே சொல்வார்கள். கணக்கும் அதைத்தான் சொன்னது, பொறாமையும் அதைத்தான் சொன்னது. பத்தாம் சுற்று என்றால், எடுத்தாலும் கடைசி ஆள்தானே.

தேர்வு நாளன்று துறையூர் ரோட்டில் டயர் கடைக்கு மேல் இருக்கும் எங்கள் கிளப் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். மேடம், நான், கிளப் செயலாளர். அவருக்கு உரக்கடை. தேர்வு முழுவதும் கம்ப்யூட்டர் திரையில்தான். எட்டு கிளப்பும் அவரவர் ஊரிலிருந்து பேசும். கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்.

முதல் சுற்றுகள் நினைத்தபடியே போயின. தடுப்பாட்டத்துக்கு நல்ல ஸ்டாப்பர் ஒருத்தி கிடைத்தாள். நான்காவதில் எடுக்க நினைத்தவளை எங்களுக்கு முந்தைய கிளப் கொண்டுபோனது. செயலாளர் ஒவ்வொரு பெயருக்கும், கோல் போடுறவங்க யாராச்சும் மிச்சம் வச்சிருக்காங்களாம்மா என்று கேட்டுக்கொண்டே போண்டாவைக் காலி செய்துகொண்டிருந்தார்.

ஆறாம் சுற்றில் கடற்கரைப் பக்கத்துக் கிளப் ஒன்று வேப்பந்தட்டைப் பெண்ணின் பெயரைச் சொன்னது. அவளா, ஆறாம் சுற்றிலா என்று செயலாளர் போண்டாவைக் கீழே வைத்தார். அந்தக் கிளப்பின் ஆள் திரையில் பெருமையாக விளக்கினார். செந்துறை ஆட்டத்தில் இரண்டாம் பாதியைத் தனியாகப் பார்த்தார்களாம். ஆறாம் எண்ணின் இடது கால் லீக்கிலேயே யாருக்கும் இல்லையாம். மற்றவர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்களாம்.

மேடம் மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்கள். "அந்தப் புள்ளைக்கு இடது கால் பஸ் படி ஏறத்தான்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் போலவே இன்னொருவர் வீடியோவை இரண்டாக வெட்டியிருக்கிறார். அவளைப் பார்த்திருக்கிறார். முகம் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு வேறு பெயர் இல்லை; அது பொறாமைதான். நல்லவேளை, பெயருக்கு மட்டும் அவர் ஆட்டப் பட்டியலை நம்பிவிட்டார். ஒரு ஜெர்சிக்குள் இரண்டு பேர் இருப்பார்கள் என்று கடற்கரைப் பக்கத்தில் யாருக்குத் தோன்றும்? வேப்பந்தட்டைப் பெண்ணையும் நினைத்துக்கொண்டேன். பேப்பரில் என் பெயர் வந்தது போல, அவளுக்கும் அவள் போடாத கோலால் ஒரு காரியம் நடந்திருக்கிறது.

எட்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தபோது அந்த வேப்பந்தட்டைப் பெண்ணே மேடத்தின் போனுக்கு அழைத்தாள். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்கள். அழுகையும் சந்தோஷமுமாக இருந்தாள்.

"மேடம், என்னை எடுத்துட்டாங்க. ஆனா அவங்க போன் பண்ணி லெஃப்ட் லெக் ஷாட்டு, லெஃப்ட் லெக் ஷாட்டுங்குறாங்க. அது நான் இல்லைங்க மேடம், ரெண்டாம் பாதி எறங்குன அக்கா. திருப்பிக் கூப்புடுறேன்னு வச்சிருக்காங்க. நான் என்ன சொல்லட்டும்?"

மேடம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கேட்டா உள்ளதைச் சொல்லு. எடுத்தது எடுத்ததுதான், உன்னை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அழாத."

போனை வைத்தார்கள். அந்தப் பெண் உண்மையைச் சொன்ன அடுத்த நிமிஷம் கடற்கரைக் கிளப் தேடிவிடும். அவர்களுக்கு ஒன்பதிலும் பத்திலும் ஆளெடுக்கும் முறை மீதி இருந்தது. ஒன்பதாம் சுற்றில் எங்கள் முறை அவர்களுக்கு முன்னால் வந்தது. பத்தில் அவர்களுடையது எங்களுக்கு முன்னால். இப்போது எடுக்காவிட்டால் அவள் கடற்கரைக்குப் போவாள், அல்லது அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொல்லாமலே விட்டு, நாங்களும் கடைசியில் வேறு யாரையாவது எடுத்து, அவள் ஓசூருக்குப் போவாள்.

மேடம் ஒன்பதாவதுக்கு ஒரு கோல்கீப்பரை வைத்திருந்தார்கள். எங்களுக்கு இரண்டாவது கீப்பரே இல்லை. செயலாளரும் கீப்பரைத்தான் சொன்னார். ஒரே கீப்பருக்குக் காய்ச்சல் வந்தால் நானா நிற்கிறது என்றார். நியாயமான பேச்சு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கணக்கு அந்த இடத்தில் என்னைக் கைவிட்டது. களைத்த கால்களா, புதிய கால்களா என்பதற்கு என்னிடம் எண் இல்லை. எண் இல்லாத ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அவளை இப்பவே எடுத்துருங்க மேடம்" என்றேன்.

"எதை வச்சும்மா சொல்ற?"

"அவ என்னைவிட நல்லா ஆடுவா. அப்பவும் ஆடுனா. களைச்ச கால், புதுக் கால் எல்லாம் சும்மா. பக்கத்துல உக்காந்து பாத்தவ நான்தான்."

கீழே காற்று மெஷின் ஓடி நின்றது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

"அது எனக்குத் தெரியாதாம்மா? அவ மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா நான் உன்னை எறக்கியே இருக்க மாட்டேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. மழை பெய்தால் ஆட்டம் இல்லை என்பது போலச் சொன்னார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் முறை வந்தது. மேடம் மைக்கைத் திறந்து அவள் பெயரைச் சொன்னார்கள். முழுப் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு. அது அவ்வளவு நீளமான பெயர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திரையில் படம் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. நடத்துபவர் ஸ்பெல்லிங்கை இரண்டு முறை கேட்டார். அடுத்து கடற்கரைக் கிளப்பின் முறை. அந்த ஆள் மைக்கை மூடிவிட்டு எதையோ புரட்டினார். பிறகு யாரோ ஒரு தடுப்பாட்டக்காரியைச் சொன்னார். அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

மாடிப்படியில் நின்று அவளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே அழைத்தாள்.

"சொல்லுடி ஆறு, லோடு நிக்குது."

"எடுத்தாச்சு."

"யாரை?"

"உன்னைத்தான்."

"என்னையா ஒன்னையா? நல்லா பாத்தியா? ஜெர்சியப் பாத்து எடுத்துருக்கப் போறாங்கடி."

"பேரைச் சொல்லித்தான் எடுத்தாங்க. நம்ம மேடம்தான். ஒன்பதாவது சுற்று."

 லாரி எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் வேறு யாரிடமோ பேசினாள். "அண்ணே, ஒரு நிமிசம் நில்லுங்க. எடை தப்பா அடிச்சிட்டேன்."  நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.

இரண்டாவது கீப்பர் பத்தாம் சுற்றிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. செயலாளர் அதை இன்றும் சொல்லிக்காட்டுவார். அவள் கிளப்பின் கடிதத்தைக் காட்டி எடைமேடை முதலாளியிடம் பேசி, மதியமே முடியும் காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். ஓசூருக்கு வரவில்லை என்று அக்காவிடம் சொன்னதற்கு ஒரு வாரம் வசவு வாங்கினாளாம்.

முதல் ஆட்டம் பெரம்பலூரில். எல்லோருக்கும் தனித்தனி ஜெர்சி, முதுகில் பெயர். எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டதற்கு அவள் ஆறு என்று சொல்லியிருந்தாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அன்று அவள் வந்து சேர்ந்தபோது மைதானத்தின் கேட்டைக்கூட இன்னும் திறந்திருக்கவில்லை. வாட்ச்மேனோடு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக முதல் விசிலுக்கு மைதானத்துக்குள் நின்றாள்.

நான் கோட்டருகில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். எதிரணிக்காரிகள் புதிய கால்களோடு வந்திருந்தார்கள். குதித்துக் குதித்துச் சூடேற்றிக்கொண்டார்கள். நான் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஒரு மூலையில் அவள் திணற வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். கொஞ்சம் போதும். நாலைந்து பந்தை விட்டால் போதும். ஏழு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த விளக்கத்துக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

அவள் முதல் பந்தை வாங்கினாள். இருவர் நெருக்கினார்கள். தோள் முதலில் போனது, பிறகு உடம்பு, பிறகு பந்து. இடது காலால் மறுகோடி வரைக்கும் ஒன்றை அனுப்பினாள். அது நேராக எங்கள் ஆள் காலில் போய் உட்கார்ந்தது. நான் குறித்தேன். அடுத்ததையும் குறித்தேன். இடைவேளை விசில் வந்தபோது என் திரையில் ஆறாம் நம்பரின் முதல் பாதி, செந்துறையின் இரண்டாம் பாதியைவிட நன்றாக இருந்தது. களைப்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முழுவதையும் குடித்தேன்.

ஆட்டம் முடியக் கொஞ்சம் இருக்கும்போது மேடம் அவளை வெளியே அழைத்தார்கள். கூட்டம் கை தட்டியது. அவள் கோட்டை நோக்கி ஓடிவந்தாள். ஓடிவரும்போதே ஜெர்சியைத் தலைவழியே கழற்றிக் கையில் நீட்டிக்கொண்டு வந்தாள், உள்ளே போக நின்றிருந்த பெண்ணிடம் கொடுப்பதற்காக. அந்தப் பெண் தன்னுடைய ஜெர்சியில் தன்னுடைய பெயரோடு நின்றுகொண்டு, இது எதற்கு என்பது போல விழித்தாள். ரெஃப்ரி விசிலடித்தார். மைதானத்துக்குள் ஜெர்சியைக் கழற்றியதற்காக மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்; சிரிப்பில் அவர்கள் தோள் குலுங்கியது.

அவள் டீ-சர்ட்டோடு நின்று, நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"புடிடி ஆறு. பழக்கதோசம்."

ஜெர்சி என் மடியில் வந்து விழுந்தது. நன்றாக நனைந்திருந்தது. இந்த முறை அதில் என்னுடையது ஒரு சொட்டும் இல்லை. லேப்டாப்பில் படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆறாம் நம்பருக்கு மஞ்சள் அட்டை என்று குறித்துவிட்டு, மிச்ச ஆட்டத்தைப் பார்த்தேன்.